கோவை டு சென்னை 500 கி.மீ... ஃபைபரில் போகும் வெளிச்சம் வழியிலேயே அணையாமல் இருப்பது எப்படி?

"ஏனுங்க, காலையில இருந்து நெட் வரலீங்க."

"பெட்டியில எல்ஓஎஸ்-னு ஒரு லைட் இருக்கும் பாருங்க. செவப்பா எரியுதுங்களா?"

"ஆமாங்க, மினுக் மினுக்குன்னு செவப்பா எரியுது."

"அப்ப லைன்ல வெளிச்சம் வரலீங்க. ஆள அனுப்பறேன்."

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த உரையாடல் புதிதில்லை. இதில் கேபிள்காரர் சொல்லும் "வெளிச்சம் வரலீங்க" என்பது பேச்சுக்குச் சொல்வது கிடையாது. உங்கள் வீட்டுக்கு வரும் இணையம் உண்மையிலேயே வெளிச்சம்தான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம். அது விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறி மாறித் துடித்து, நீங்கள் பார்க்கும் வீடியோவையும் அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜையும் சுமந்து வருகிறது.

இங்கேதான் ஒரு கேள்வி. டார்ச் லைட் அடித்தால் அடுத்த தெருவுக்கே வெளிச்சம் போய்ச் சேருவதில்லை. அப்படியிருக்க, சென்னையில் போட்ட வெளிச்சம் 500 கிலோமீட்டர் தாண்டி கோவைக்கு எப்படி வருகிறது? சிங்கப்பூரில் போட்டது கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எப்படி வருகிறது?

பதில், வழியில் உட்கார்ந்திருக்கும் ஒளிப் பெருக்கிகளில் இருக்கிறது. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, கொங்கு மண்டலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மோட்டார் பம்ப் தெரிந்தால் போதும்!

வெளிச்சம் ஏன் மங்குகிறது?

ஃபைபர் என்பது தலைமுடி தடிமனில் இருக்கும் கண்ணாடி இழை. வெளி விட்டம் 125 மைக்ரான். அதில் வெளிச்சம் போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1960-களில் இருந்த கண்ணாடியில் வெளிச்சம் சில மீட்டர் போவதற்குள் தீர்ந்துவிடும். 1966-ல் சார்லஸ் காவ் என்ற ஆய்வாளர், "குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அசுத்தத்தில் இருக்கிறது. சுத்தப்படுத்தினால் தொலைத்தொடர்புக்கே பயன்படுத்தலாம்" என்ற கருத்தை முன்வைத்தார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படி ஓர் இழையைச் செய்து காட்டியது. காவுக்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய கண்ணாடி இழை மிகச் சுத்தமானது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல்தான் இழப்பு. கேட்க ரொம்பச் சின்ன எண்தான். ஆனால் இது கூட்டு வட்டி மாதிரி வேலை செய்யும்.

15 கிலோமீட்டர் போனால் வெளிச்சம் பாதியாகும். 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்காகும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. கோவை–சென்னை தூரமான 500 கிலோமீட்டரில்? ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

இதையே வேறு மாதிரி பார்க்கலாம். சென்னையில் ஒரு மில்லிவாட் வெளிச்சத்தை உள்ளே அனுப்பினால், பெருக்கி எதுவும் இல்லாத பட்சத்தில், கோவைக்கு விநாடிக்கு ஏறக்குறைய 8 லட்சம் ஒளித்துகள்கள்தான் வந்து சேரும். 8 லட்சம் பெரிய எண்தானே என்று தோன்றும். ஆனால் 100 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் ஓர் இணைப்பில் விநாடிக்கு 10,000 கோடி பிட்கள் வருகின்றன. ஒரு பிட்டுக்கு ஓர் ஒளித்துகள்கூட மிஞ்சாது. எந்தக் கருவியாலும் இதைப் படிக்க முடியாது.

ஆகவே வழியில் எங்காவது வெளிச்சத்தைத் தூக்கிவிட்டே ஆக வேண்டும்.

பழைய முறை: இறக்கி, ஏற்றி, அனுப்பு

1980-களில் இதற்கு இருந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. மங்கிப்போன வெளிச்சத்தை வழியில் ஓர் இடத்தில் பிடித்து, மின்சார சிக்னலாக மாற்றி, சுத்தம் செய்து, புதிதாக ஒரு லேசரை எரியவிட்டு மறுபடி அனுப்புவார்கள். இதற்கு ரீஜெனரேட்டர் என்று பெயர். ஈரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, லக்கேஜையெல்லாம் வேறு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது மாதிரி.

1988-ல் அட்லாண்டிக் கடலில் போடப்பட்ட முதல் ஃபைபர் கேபிளான டாட்-8 இப்படித்தான் இயங்கியது.

சிக்கல் என்னவென்றால், அந்த மின்னணுக் கருவி எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த வேகத்தில்தான் வேலை செய்யும். வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் எல்லாப் பெட்டிகளையும் மாற்ற வேண்டும். அதோடு, ஒரே இழையில் பல நிற வெளிச்சங்களை அனுப்பினால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும். 80 நிறம் என்றால் 80 பெட்டி. செலவு எங்கேயோ போய்விடும்.

வெளிச்சத்தை வெளிச்சமாகவே பெருக்க முடியாதா?

1987: எர்பியம் வந்தது

முடியும் என்று 1987-ல் காட்டினார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் டெசுர்வீரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதைச் செய்தார்கள். இரு தரப்பும் பயன்படுத்திய பொருள் ஒன்றுதான்: எர்பியம்.

எர்பியம் ஓர் அரிய மண் தனிமம். சுவீடனில் உள்ள இட்டர்பி என்ற சின்ன ஊரின் பெயரில் இருந்து வந்தது இந்தப் பெயர். கண்ணாடி இழையின் நடுப்பகுதியில் எர்பியத்தை மிக மிகக் கொஞ்சமாகக் கலந்து, அந்த இழையைச் சில மீட்டர்களில் இருந்து சில பத்து மீட்டர்கள் வரை சுருட்டி ஒரு பெட்டியில் வைப்பார்கள். அதுதான் எர்பியம் கலந்த ஃபைபர் பெருக்கி. துறைக்காரர்கள் சுருக்கமாக 'இடிஎஃப்ஏ' என்பார்கள்.

இனி மோட்டார் பம்ப் கதை. இந்தப் பெருக்கியின் முக்கிய உறுப்புக்குப் பெயரே 'பம்ப் லேசர்'தான். பம்ப் செய்வதற்குப் பேர் போன கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது.

கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். தண்ணீர் மேலே காத்திருக்கிறது. குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. குழாயைத் திறக்க ஒரு விரல் போதும், ஆனால் கொட்டும் தண்ணீரின் வேகம் மோட்டார் கொடுத்த சக்தி.

எர்பியத்திலும் இதுதான் நடக்கிறது. 980 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பம்ப் லேசர், எர்பியம் அயனிகளை உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து அவை மளமளவென்று கொஞ்சம் கீழே இறங்கி, ஓர் இடைத்தட்டில் நின்றுகொள்கின்றன. அந்தத் தட்டில் அவை சராசரியாக 10 மில்லி விநாடி காத்திருக்கும். அணு உலகத்தில் இது ரொம்ப நீண்ட நேரம். இதுதான் மேல்நிலைத் தொட்டி.

அந்த நேரத்தில், மங்கிப்போன நம்முடைய 1550 நானோமீட்டர் சிக்னல் அந்த வழியாக வருகிறது. அதன் ஓர் ஒளித்துகள், காத்திருக்கும் எர்பியத்தைத் தொட்டுச் செல்லும்போது, எர்பியம் கீழே இறங்குகிறது. இறங்கும்போது ஓர் ஒளித்துகளை வெளியே விடுகிறது. இந்தப் புதிய துகள், வந்த துகளின் அச்சு அசல் நகல். அதே அலைநீளம், அதே திசை, அதே துடிப்பு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பெட்டியை விட்டு வெளியே வரும்போது நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருகியிருக்கும்.

இப்படித் தூண்டிவிட்டு வெளிச்சம் வர வைக்கலாம் என்று 1917-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் ஐன்ஸ்டீன். லேசருக்கும் அடிப்படை இதுதான்.

அதிர்ஷ்டம் என்னவென்றால், கண்ணாடி இழையில் இழப்பு மிகக் குறைவாக இருக்கும் அலைநீளமும், எர்பியம் பெருக்கும் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. எர்பியம் நன்றாகப் பெருக்கும் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான பட்டைக்குள் 80-க்கும் மேற்பட்ட நிறங்களை அடுக்கலாம். அத்தனையையும் ஒரே பெட்டி ஒரே நேரத்தில் பெருக்கிவிடும். வேகம் கூடினாலும் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. 1995-96-ல் அட்லாண்டிக்கில் வந்த டாட்-12/13 கேபிளில் ரீஜெனரேட்டர் இடத்தைப் பெருக்கிகள் பிடித்துக்கொண்டன.

அத்திக்கடவு–அவிநாசியும் ஃபைபர் லைனும்

ஒரு பெட்டி போதாது. தரைவழி நெடுந்தூர லைன்களில் பொதுவாக 80 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி வைப்பார்கள். கோவை–சென்னை தூரத்துக்கு நடுவில் ஐந்தாறு இடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கும் உள்ளூர் உதாரணம் உண்டு. 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசி திட்டத்தில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து எடுக்கும் பவானியின் உபரி நீர், ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏறி ஏறி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம், குட்டைகளுக்குப் போகிறது. ஒரே மோட்டாரில் மொத்த தூரத்துக்கும் தள்ள முடியாது. கட்டம் கட்டமாக ஏற்ற வேண்டும். ஃபைபர் லைனும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இழந்ததை அந்தந்த இடத்திலேயே ஈடுகட்ட வேண்டும்.

ஏன் முதல் இடத்திலேயே மொத்தமாக ஏற்றி அனுப்பக் கூடாது? பைப்பில் அழுத்தம் கூடினால் வெடிப்பது மாதிரி, அந்த 9 மைக்ரான் கண்ணாடிக்குள் அளவுக்கு மீறிய வெளிச்சம் போனால் கண்ணாடியின் குணமே லேசாக மாறி, ஒரு நிறம் இன்னொரு நிறத்தைக் கெடுக்கும். சிக்னல் சிதையும். அதனால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சொட்டுநீர்ப் பாசனத்தில் பாதி வால்வை அடைத்தால் மீதி வால்வில் அழுத்தம் கூடும், இல்லையா? அதே மாதிரி, 80 நிறங்களில் 40 திடீரென்று நின்றால், பம்ப் சக்தி முழுவதும் மீதி 40-க்குப் போய் அவை அளவுக்கு மீறிப் பெருகிவிடும். அதனால்தான் பெருக்கிகளில் வெளிச்சத்தை அளந்துகொண்டே பம்ப்பைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமிலும் ஒன்று இருக்கிறது

இடிஎஃப்ஏ ஏதோ பெரிய டெலிகாம் கம்பெனி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஏரியா கேபிள் ஆபரேட்டரின் கன்ட்ரோல் ரூமிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். டிவி சிக்னலை 1550 நானோமீட்டர் வெளிச்சமாக மாற்றி, இடிஎஃப்ஏ-வில் பெருக்கி, பல போர்ட்டுகளாகப் பிரித்து ஊர் முழுக்க அனுப்புவார்கள். "எத்தனை போர்ட் இடிஎஃப்ஏ போட்டிருக்கீங்க?" என்பது அந்தத் தொழிலில் சாதாரணப் பேச்சு.

அப்படியானால் உங்கள் வீட்டு இணையத்தையும் அந்தப் பெட்டி பெருக்குகிறதா? இல்லை. வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், இணையம் உங்கள் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டரில். உங்கள் வீட்டில் இருந்து திரும்பப் போவது 1310-ல். டிவி மட்டும்தான் 1550. ஒரே இழையில் மூன்றும் ஓடலாம். எர்பியத்துக்கு 1550 பக்கம்தான் பாஷை தெரியும். மற்ற இரண்டையும் அது கண்டுகொள்ளாது.

அதனால் எக்ஸ்சேஞ்ச் அல்லது கன்ட்ரோல் ரூமில் இருந்து உங்கள் வீடு வரை, இணைய வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் பெருக்கியே கிடையாது. கிளம்பும்போது 2, 3 மில்லிவாட். வழியில் ஸ்ப்ளிட்டர் அதை 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது. அதிலேயே முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உங்கள் பெட்டியால் மைனஸ் 27 டிபிஎம் வரை, அதாவது ஒரு வாட்டில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு வரை, படிக்க முடியும். அதற்கும் கீழே போனால் தகராறுதான். செவப்பு லைட்டுக்குக் காரணம் இதுதான்.

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தைச் செய்துவரும் டான்ஃபினெட் நிறுவனத்துக்கும் கணக்கு இதேதான். ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி போய்விட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்பதில்தான் கடைசி வீட்டின் நெட் இருக்கிறது.

கண் ஜாக்கிரதை!

இது முக்கியம். 1550 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. "லைட் வருதா பார்க்கலாம்" என்று ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது அறவே கூடாது. கேபிள் டிவி இடிஎஃப்ஏ-வின் ஒரு போர்ட்டில் 20 டிபிஎம் வந்தால், அது 100 மில்லிவாட். வகுப்பறையில் பயன்படுத்தும் லேசர் பாயின்ட்டர் பெரும்பாலும் 5 மில்லிவாட்டுக்குள்தான். கண் கூசாததால் இமை தானாக மூடாது, ஆபத்து தெரியாமலே நடந்துவிடும்.

நெடுந்தூர லைன்களில் கேபிள் அறுந்தால், பெருக்கிகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அறுந்த முனையைக் கையில் எடுக்கும் தொழிலாளியின் கண்ணைக் காப்பதற்காகத்தான் அது. தெருவில் தொங்கும் கேபிள் முனைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

திருச்சிக்காரர் பெயரில் ஒரு பெருக்கி

எர்பியம் இல்லாமலும் வெளிச்சத்தைப் பெருக்கலாம். அந்த முறையின் பெயர் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்: ராமன் பெருக்கி.

1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், கொல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்ததுதான் ராமன் விளைவு. அந்த ஆய்வில் உடன் இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். ஒரு பொருளுக்குள் வெளிச்சம் போகும்போது, அதில் ஒரு சின்னப் பங்கு மட்டும் மூலக்கூறுகளின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியே வருகிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. 1930-ல் நோபல் பரிசு. பிப்ரவரி 28 இன்றும் தேசிய அறிவியல் தினம்.

ஃபைபருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கண்ணாடிக்குள் 1450 நானோமீட்டரில் வலுவான பம்ப் வெளிச்சத்தை அனுப்பினால், ராமன் விளைவால் அது ஆற்றலைக் கொஞ்சம் இழந்து ஏறக்குறைய 1550 நானோமீட்டருக்கு மாறப் பார்க்கும். அந்த இடத்தில் ஏற்கெனவே நம் சிக்னல் 1550-ல் போய்க்கொண்டிருந்தால், பம்ப்பின் ஆற்றல் அதோடு வந்து சேர்ந்துகொள்ளும். சிக்னல் பெருகும். கண்ணாடி இழையில் இந்தப் பெருக்கத்தை 1973-ல் பெல் ஆய்வகத்தின் ஸ்டோலனும் இப்பனும் அளந்து காட்டினார்கள்.

இதில் பெரிய வசதி, தனியாகச் சிறப்பு இழை எதுவும் வேண்டாம். மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கும் அதே கேபிள்தான் பெருக்கி. கேபிளின் மறுமுனையில் இருந்து பம்ப்பை எதிர்த்திசையில் அனுப்பினால், சிக்னல் ரொம்ப மங்குவதற்கு முன்பே வழியிலேயே தூக்கிவிடப்படும். காடு, மலை என்று நடுவில் அறை கட்டி மின்சாரம் கொடுக்க முடியாத நீண்ட தூரங்களுக்கு இது கைகொடுக்கும். எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு: எர்பியத்தைவிடப் பல மடங்கு வலுவான பம்ப் தேவை. அதனால் பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

சென்னை டு அந்தமான்: கடலுக்கு அடியில் கரன்ட்

தரையில் பெருக்கி வைக்க ஓர் அறை, பேட்டரி, ஜெனரேட்டர் போதும். கடலுக்கு அடியில்?

2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் நிகோபார் கேபிளைப் பாருங்கள். பிஎஸ்என்எல் மேற்பார்வையில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த போர்ட் பிளேருக்கும் மற்ற தீவுகளுக்கும் முதன்முறையாக ஃபைபர் கிடைத்தது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். ஆயிரம் கிலோமீட்டரில் வெளிச்சம் எவ்வளவு மிஞ்சும்? 1-க்குப் பின்னால் 20 சைபர் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. பெருக்கி இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கடலடிக் கேபிள்களில், பெரிய குழாய் மாதிரியான உலோக உறைக்குள் பெருக்கிகளை அடைத்து, கேபிளோடு சேர்த்தே கடலில் இறக்குவார்கள். அவற்றுக்கான மின்சாரம் கரையில் இருந்து போகிறது. கண்ணாடி இழைகளைச் சுற்றி ஒரு செம்புக் குழாய் இருக்கும். நெடுந்தூரக் கேபிள்களில் கரையில் இருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் நேர் மின்சாரம் அதன் வழியாகப் பாய்ந்து, வரிசையாக எல்லாப் பெருக்கிகளையும் இயக்குகிறது. வழக்கமாக 25 ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடும்படி வடிவமைக்கிறார்கள். நடுக்கடலில் ஒன்று கெட்டால் கப்பல் போய்க் கேபிளை மேலே தூக்கித்தான் சரிசெய்ய முடியும்.

பெருக்கி செய்ய முடியாதது என்ன?

பம்ப் தண்ணீரை மட்டுமா ஏற்றுகிறது? அடியில் இருக்கும் சேற்றையும் கொஞ்சம் சேர்த்தே ஏற்றும். ஒளிப் பெருக்கியும் அப்படித்தான்.

மேல்தட்டில் காத்திருக்கும் எர்பியம் அயனிகளில் சில, சிக்னல் வருவதற்கு முன்பே தாமாகக் கீழே இறங்கி ஒளித்துகளை விட்டுவிடும். அந்தத் துகளுக்கு எந்தத் தகவலும் கிடையாது. அதுவும் வழியில் பெருகும். இதுதான் இரைச்சல். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், நன்றாகப் பெருக்கும் ஒரு பெருக்கி சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை ஏறக்குறைய பாதியாவது குறைத்துவிடும். இது தயாரிப்புக் குறை கிடையாது, குவான்டம் இயற்பியலின் விதி.

ஒவ்வொரு பெருக்கியும் தனக்கு முன்னால் சேர்ந்த சேற்றையும் சேர்த்தே பெருக்குவதால், ஒரு கட்டத்துக்குமேல் சிக்னலைப் பிரித்தறிய முடியாது. அங்கே பழையபடி மின்சாரமாக மாற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். ரீஜெனரேட்டர் முழுசாக ஒழிந்துபோகவில்லை.

இன்னொன்று, பெருக்கிக்குப் பெருக்குவதற்கு ஏதாவது வர வேண்டும். ரோட்டைத் தோண்டும் பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டால், எத்தனை பெருக்கி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் வேறொரு பாதை வழியாகவும் இணைப்பு வைத்திருக்கிறதா என்பது, ஏற்றுமதி ஆர்டரை ஆன்லைனில் நம்பியிருக்கும் ஒரு திருப்பூர் நிறுவனம் தன் சேவையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எர்பியம் யார் கையில்?

2025 அக்டோபர் 9-ல் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு அறிவித்த அரிய மண் தனிமங்களில் எர்பியமும் ஒன்று. ஹோல்மியம், துலியம், யூரோப்பியம், இட்டர்பியம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அடுத்த மாதமே அந்தக் கட்டுப்பாடு ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

நம்மிடம் இல்லையா? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் கடற்கரை மணலில் இருந்து கனிமங்களைப் பிரிக்கிறது. அதில் கிடைக்கும் மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் உண்டு. ஆனால் அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற லேசான வகைதான் அதிகம். எர்பியம் போன்ற கனமான வகை மிகக் குறைவு.

அதே நேரம், ஒரு பெருக்கிக்குத் தேவைப்படும் எர்பியத்தின் அளவு ஒரு மில்லிகிராமுக்கும் எவ்வளவோ கீழே. டன் கணக்கில் வேண்டியதில்லை. கடினமான வேலை, அதை மிகச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, கண்ணாடிக்குள் ஒரே சீராகக் கலந்து இழையாக இழுப்பது. இந்தியாவில் கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட இழைகளை உருவாக்கும் ஆய்வில் நீண்ட காலமாக ஈடுபட்டு வருகிறது. ஆய்வகத்தில் இருந்து ஆலைக்கு இது எந்த அளவுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான், நாளை இன்னொரு கட்டுப்பாடு வந்தால் நம் நிலைமை இருக்கும்.

செவப்பு லைட் எரிந்தால் நீங்கள் என்ன செய்யலாம்?

கடைசி கிலோமீட்டரில் பெருக்கி இல்லை என்பதால், வீட்டுக்குள் வீணாகும் வெளிச்சத்தை நீங்களே தடுக்கலாம்.

* ஃபைபர் வயரை ஆணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள், பீரோவுக்கு அடியில் நசுக்காதீர்கள். கூர்மையாக வளைத்தால் வளைவில் வெளிச்சம் கசிந்துவிடும். குறைந்தது ஒரு டீ டம்ளர் வாய் அகலத்துக்காவது வளைவு இருக்கட்டும்.

* முனையைக் கழற்றி, ஊதி, சட்டையில் துடைத்து மாட்டாதீர்கள். வெளிச்சம் போகும் பாதையே 9 மைக்ரான்தான், ஒரு தூசி போதும் அடைக்க. சுத்தம் செய்ய டெக்னீஷியனிடம் தனி உபகரணம் உண்டு.

* பச்சை நிற கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீல நிறத்தின் முனை அப்படி இல்லை. பச்சையையும் நீலத்தையும் சேர்த்து மாட்டினால் வெளிச்சம் வீணாகும். நிறம் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

* டெக்னீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது, "எத்தனை டிபிஎம் காட்டுதுங்க?" என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 26, 27 என்றால் இன்றைக்கு நெட் வந்தாலும் நாளை போகும். அப்போதே ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை நெட் மக்கர் செய்யும்போது, எவ்வளவு வெளிச்சம் குறைந்திருக்கிறது என்று வந்தவருக்கு உடனே தெரியும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.